கன்று நடக் காசு இருக்கு... தண்ணி ஊத்த?

மே மாச மத்தியானம் இரண்டு மணிக்கு, கையில் குழந்தையோடு பஸ் ஸ்டாப்பில் அரை மணி நேரம் நின்றிருக்கிறீர்களா? தகரக் கூரை போட்ட நிழற்குடை என்றால், உள்ளே நிற்பதைவிட வெளியே நிற்பதே தேவலை என்று தோன்றும். மேலே தகரம் சுடும். கீழே தார் ரோடு சுடும். பத்தடி தள்ளி ஒரு வேப்பமரம் மட்டும் இருந்துவிட்டால் போதும். பஸ்ஸுக்குக் காத்திருக்கிற அத்தனை பேரும் அதன் அடியில்தான் நிற்பார்கள். பஸ் வந்தால் ஓடிப்போய்ப் பிடிக்க வேண்டியிருந்தாலும் பரவாயில்லை என்பார்கள்.

உடம்புக்குத் தெரியும், எது நிழல், எது வெறும் கூரை என்று!

எங்கள் தெருவில் நாலு வருஷத்துக்கு முன்னால் பன்னிரண்டு கன்று நட்டார்கள். ஷாமியானா, மைக், சால்வை, போட்டோ எல்லாம் அமர்க்களமாக நடந்தது. ஒவ்வொரு கன்றுக்கும் இரும்புக் கூண்டு, கூண்டில் ஒரு பெயர்ப் பலகை. அடுத்த வருஷம் மே மாசம் எண்ணிப் பார்த்தேன். கூண்டு பன்னிரண்டும் பத்திரமாக இருந்தது. கன்றுதான் இரண்டே இரண்டு!

அந்த இரண்டு மட்டும் எப்படிப் பிழைத்தது? கோயில் முனையில் பூக்கடை போட்டிருக்கும் அம்மாவின் கைங்கரியம். ராத்திரி கடை கட்டும்போது, பூவுக்குத் தெளிக்க வைத்திருந்த வாளியில் மிச்சமிருக்கும் தண்ணீரைக் கடைக்குப் பக்கத்தில் இருந்த இரண்டு கன்றுக்கும் ஊற்றியிருக்கிறார். "அதுவும் வாயில்லாப் புள்ளைதானே தம்பி... தாகமா இருக்குன்னு கேக்கவா போகுது?" என்றார், ஏதோ சின்ன விஷயம் மாதிரி.

மரம் வளர்ப்பதற்கு அரசாங்கம் என்ன உதவி செய்ய வேண்டும் என்று என்னைக் கேட்டால், பதில் அந்த அம்மாவின் வாளியில் இருக்கிறது என்பேன். கன்று நடுவதற்குக் காசு கொடுத்தது போதும். கன்றைப் பிழைக்க வைப்பவருக்குக் காசு கொடுங்கள்!

இது டாக்டர் சமாசாரமும்தான்

'உடல்நலப் பத்திரிகையில் மரத்துக்கு என்ன வேலை?' என்று நினைக்கலாம். வேலை இருக்கிறது.

2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. புயல், வெள்ளம் வரிசையில் இப்போது வெயிலும் சேர்ந்துவிட்டது. வெயில் கொடுமையில் முதலில் படுத்துவிடுபவர்கள் யார்? வயசானவர்கள், கைக்குழந்தைகள், கர்ப்பிணிகள், இருதயம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள். அப்புறம் வெயிலிலேயே பிழைப்பு நடத்தும் சித்தாள், தள்ளுவண்டிக்காரர், துப்புரவுப் பணியாளர். ஏ.ஸி. ரூமில் இருப்பவர்களுக்கு வெயில் என்பது டி.வி. செய்தி. இவர்களுக்கு அது உயிர்ப் பிரச்னை.

மரம் இரண்டு விதமாக வேலை செய்கிறது. ஒன்று, வெயிலைத் தடுத்துத் தரை சூடாகாமல் பார்த்துக்கொள்கிறது. இரண்டாவது, வேர் உறிஞ்சிய தண்ணீரை இலை வழியாக ஆவியாக விடுகிறது. நமக்கு வியர்வை காய்ந்தால் சில்லென்று இருக்கிறதே, கிட்டத்தட்ட அந்த மாதிரிதான் சுற்றியுள்ள காற்றும் குளிர்கிறது. தகரக் கூரையால் முதல் வேலையை அரைகுறையாகத்தான் செய்ய முடியும். இரண்டாவது வேலை அதற்குத் தெரியவே தெரியாது.

'லான்செட்' மருத்துவ இதழில் 2023-ல் ஓர் ஆராய்ச்சி வெளிவந்தது. ஐரோப்பாவில் 93 நகரங்களை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டார்கள். 2015-ம் வருஷக் கோடையில், நகரங்கள் சுற்றுப்புறத்தைவிட அதிகமாகச் சூடாவதால் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அகால மரணம் அடைந்திருக்கிறார்கள். நகரப் பரப்பில் 30 சதவீதம் மர நிழல் இருந்திருந்தால் அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் தவிர்த்திருக்கலாமாம். அங்கேயே அப்படி என்றால், நம்ம ஊர் வெயிலுக்குக் கேட்கவா வேண்டும்?

ஆக, மரம் என்பது அழகுக்கு வைப்பதல்ல. ஊர் முழுவதற்கும் எழுதித் தர வேண்டிய பிரிஸ்க்ரிப்ஷன். சீட்டை எழுதிக் கொடுத்துவிட்டு மருந்தைக் கொடுக்காவிட்டால் நோயாளிக்குக் குணமாகுமா?

மூன்றில் ஒரு பங்கு... எப்போது?

நாட்டில் மூன்றில் ஒரு பங்கு நிலம் காடாகவும் மரமாகவும் இருக்க வேண்டும் என்பது நம் அரசாங்கத்தின் கொள்கை. இது இன்று நேற்றுச் சொன்னதல்ல. 1952-ம் வருஷ வனக் கொள்கையிலேயே இருக்கிறது. 1988-ம் வருஷக் கொள்கையிலும் அதையே சொன்னார்கள். அதற்கும் முன்பே, 1950-ல், மத்திய அமைச்சராக இருந்த கே.எம். முன்ஷி 'வன மகோத்சவம்' என்ற மர விழாவைத் தேசம் முழுவதற்கும் ஆரம்பித்து வைத்தார். அன்று முதல் இன்று வரை வருஷா வருஷம் ஜூலையில் நட்டுக்கொண்டே இருக்கிறோம்.

எங்கே வந்து நிற்கிறோம்? 2023-ம் வருஷத்துக்கான இந்திய வன அறிக்கைப்படி, காடும் மரமும் சேர்த்து 25.17 சதவீதம். அதாவது கால் பங்கு. காடு மட்டும் என்றால் 21.76 சதவீதம்தான்.

அந்தக் 'காட்டிலும்' ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஒரு ஹெக்டேருக்குக் குறையாத இடத்தில், மேலிருந்து பார்க்கும்போது பத்து சதவீதத்துக்கு மேல் மரக் கிளைகள் மூடியிருந்தால் அது காடு. யாருடைய நிலம், என்ன மரம் என்ற கேள்வியே கிடையாது. செயற்கைக்கோள் எடுக்கும் படத்தில் தோப்பும் காடுதான், தோட்டமும் காடுதான். படத்தில் பச்சை தெரிகிறது என்பதால் பஸ் ஸ்டாப்பில் நிழல் இருக்கிறது என்று அர்த்தமாகிவிடாது.

தமிழ்நாட்டிலும் 2022 செப்டம்பரில் 'பசுமைத் தமிழ்நாடு இயக்கம்' தொடங்கினார்கள். சுமார் 24 சதவீதமாக இருக்கும் பசுமைப் பரப்பைப் பத்து வருஷத்தில் 33 சதவீதமாக்குவது லட்சியம். நல்ல லட்சியம்தான். கை தட்டி வரவேற்க வேண்டியதுதான். ஆனால் அந்த ஒன்பது சதவீதம் எவ்வளவு பெரிசு தெரியுமா? ஏறக்குறைய 12,000 சதுர கிலோமீட்டர். சென்னை மாநகராட்சியைப் போல இருபத்தெட்டு மடங்கு! இவ்வளவு பெரிய வேலையைக் கூண்டுக்குள் போட்டோ எடுத்து முடிக்க முடியாது.

எண்ணுவதில்தான் கோளாறு

நம் அரசாங்கங்கள் எதை எண்ணுகின்றன? நட்ட கன்றை. 2016 ஜூலையில் உத்தரப் பிரதேசத்தில் ஒரே நாளில் சுமார் 5 கோடி கன்றுகள் நட்டார்கள். அடுத்த ஜூலையில் மத்தியப் பிரதேசம் போட்டிக்கு வந்தது. பன்னிரண்டு மணி நேரத்தில் 6 கோடிக்கும் மேல்! பேப்பரில் கொட்டை எழுத்தில் வந்தது. ஆனால் மூன்றாம் வருஷம் அதில் எத்தனை உயிரோடு இருந்தது என்று அதே பக்கத்தில் கொட்டை எழுத்தில் யாராவது போட்டார்களா?

இது நம்ம நாட்டு வியாதி மட்டும் இல்லை. துருக்கியில் 2019 நவம்பர் 11-ம் தேதி ஒரே நாளில் ஒரு கோடியே பத்து லட்சம் கன்று நட்டார்கள். மூன்று மாசம்கூட ஆகவில்லை. அங்குள்ள வனத் தொழிலாளர் சங்கத்தினர் போய்ப் பார்த்துவிட்டு, தாங்கள் சோதித்த இடங்களில் பத்துக்கு ஒன்பது வரை பட்டுப்போய்விட்டது என்றார்கள். அரசாங்கம் மறுத்தது. பருவம் தப்பி நட்டதும் தண்ணீர் இல்லாததும்தான் காரணம் என்றது சங்கம். யார் சொன்னது சரி என்ற சண்டையே எதனால் வந்தது? பிழைத்ததை எண்ண, இரண்டு தரப்புக்கும் பொதுவான ஆள் யாரும் இல்லாததால்தான்.

குழந்தை பிறந்ததும் ஆஸ்பத்திரியில் எடை போடுகிறார்கள். அத்தோடு விட்டுவிடுகிறார்களா? தடுப்பூசி அட்டை கொடுத்து ஒன்றரை மாசம், இரண்டரை மாசம், ஒன்பது மாசம் என்று வரச் சொல்லி, மறுபடி மறுபடி எடை பார்க்கிறார்கள். 'இந்த வருஷம் இத்தனை பிரசவம்' என்ற கணக்கை மட்டும் வைத்துக்கொண்டு ஓர் ஊரின் ஆரோக்கியத்தைச் சொல்ல முடியுமா? மரத்தில் மட்டும் நாம் பிரசவத்தை எண்ணிவிட்டுப் பிள்ளையை மறந்துவிடுகிறோம்.

செய்து காட்டியவர்கள்

'அரசாங்கத்தால் இதெல்லாம் ஆகாது' என்று சிலர் சலித்துக்கொள்வார்கள். ஆகும்!

தென் கொரியாவைப் பாருங்கள். 1950-களில் நடந்த போருக்குப் பிறகு அங்கே மலையெல்லாம் மொட்டை. குளிருக்கும் சமையலுக்கும் ஜனங்கள் மரத்தை வெட்டி எரித்துவிட்டார்கள். 1973-ல் பத்து வருஷத் திட்டம் ஒன்று போட்டார்கள். பத்து லட்சம் ஹெக்டேரில் மரம் நட வேண்டும் என்பது இலக்கு. 1978-லேயே முடித்துவிட்டார்கள். இன்றைக்கு அந்த நாட்டில் அறுபது சதவீதத்துக்கும் மேல் காடு.

எப்படி முடிந்தது? மூன்று காரணம் சொல்லலாம். வேலையைக் கிராமத்து ஜனங்கள் கையில் கொடுத்தார்கள். சமைக்க விறகுக்குப் பதிலாக நிலக்கரிக் கட்டி கிடைக்க வழி செய்தார்கள். அதனால் நட்டதை வெட்ட வேண்டிய அவசியம் குறைந்தது. மூன்றாவதுதான் ரொம்ப முக்கியம். ஒரு மாகாணத்தில் நட்ட கன்றுகளில் எத்தனை பிழைத்திருக்கிறது என்று இன்னொரு மாகாணத்து அதிகாரிகள் வந்து எண்ணினார்கள். பரீட்சை எழுதியவனே பேப்பர் திருத்துகிற பழக்கம் அங்கே இல்லை!

அங்கே அப்போது நடந்தது ராணுவத் தலைவரின் ஆட்சி. உத்தரவு போட்டால் நடந்தது. அந்த மாதிரி ஆட்சி நமக்கு வேண்டவே வேண்டாம். அந்த மாதிரி எண்ணிக்கை மட்டும் வேண்டும்.

அவ்வளவு தூரம் போவானேன்? பீகாரிலேயே செய்திருக்கிறார்கள். 2005-ம் வருஷ ஊரக வேலை உறுதிச் சட்டத்தில், நம்ம ஜனங்கள் வாயில் 'நூறு நாள் வேலை', ரோட்டோர மரங்களைக் குடும்பங்களிடம் பிரித்து ஒப்படைத்தார்கள். முதியோர், பெண்கள், மாற்றுத் திறனாளிகளுக்கு முன்னுரிமை. தண்ணீர் ஊற்றுவதும் ஆடு மாட்டிடமிருந்து காப்பதும் அவர்கள் வேலை. கன்றுகள் பிழைத்தால் முழுக் கூலி. ரொம்பச் செத்துப்போனால் கூலி குறையும். சட்டமும் பெயரும் மாறலாம். அந்த ஏற்பாட்டில் இருக்கும் புத்திசாலித்தனம் மாறாது.

அப்புறம் நம்ம பக்கத்து மாநிலத்து 'சாலுமரத' திம்மக்கா! கர்நாடகத்தில் ஹுலிகல் கிராமத்தைச் சேர்ந்தவர். குழந்தை இல்லை. கணவனும் மனைவியுமாக ரோட்டோரம் ஆலமரக் கன்றுகளை நட்டு, குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து ஊற்றி, மாடு மேயாமல் முள்வேலி கட்டிப் பிள்ளை மாதிரி வளர்த்தார்கள். மழைக் காலம் பார்த்துத்தான் நடுவார்கள். 385 ஆலமரங்கள்! 2019-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். 2025 நவம்பரில் அந்த அம்மா மறைந்தார். நட்டது பெரிய விஷயமில்லை, ஊற்றியதுதான் பெரிசு. ஒவ்வொரு திம்மக்காவுக்கும் அறுபது வருஷம் கழித்து விருது கொடுப்பதைவிட, தண்ணீர் சுமக்கிற அந்த முதல் மூன்று வருஷத்தில் கூலி கொடுத்தால் ஊருக்கு எத்தனை திம்மக்கா கிடைப்பார்கள்!

என்ன மரம், எப்போது?

'ஏதோ ஒரு மரம், பச்சையாக இருந்தால் சரி' என்று விட்டாலும் ஆபத்துதான். விறகுப் பஞ்சத்துக்கு மருந்து என்று ஒரு காலத்தில் சீராட்டிய சீமைக் கருவேலம் இன்று கண்மாயையும் ஏரியையும் அடைத்துக்கொண்டு நிற்கிறது. அதை ஒழிக்க இப்போது அரசாங்கம் தனியாகச் செலவு செய்கிறது.

இன்னொன்று கோனோகார்பஸ். சீக்கிரம் வளரும், எப்போதும் பச்சையாக இருக்கும், ஆடு மாடு கடிக்காது என்று ஊர் ஊராக நட்டார்கள். அதன் மகரந்தம் சளி, இருமல், ஆஸ்துமா, அலர்ஜியைக் கிளப்பும் என்று சொல்லி 2023-ல் குஜராத் அரசு அதை நடத் தடை போட்டது. 2025-ல் தமிழ்நாடு அரசும் தடை விதித்தது. நட்டதும் அரசாங்கம், தடுத்ததும் அரசாங்கம். இடையில் மூச்சுத் திணறியது யார்? நம்ம பிள்ளைகள்தானே?

வேம்பு, புங்கன், பூவரசு, நாவல், இலுப்பை, மருதம், ஆல், அரசு... இந்த மண்ணுக்குப் பழகிய மரத்துக்கா பஞ்சம்? இடம் பார்த்து நட வேண்டும், அவ்வளவுதான். வீட்டுச் சுவருக்கு ஒட்டி ஆலமரம் வைக்கக் கூடாது. கரன்ட் கம்பிக்குக் கீழே உயரமான மரம் வைக்கக் கூடாது. புல்வெளியாகவே இருக்க வேண்டிய நீலகிரி மலை உச்சியில் தைல மரமும் சீகை மரமும் நட்டு, இப்போது அகற்றப் பாடுபடுகிறோம். மரமே நடக் கூடாத இடமும் உண்டு என்பதற்கு அது பாடம்.

நேரம் என்று ஒன்றும் இருக்கிறது. ஜூன் 5 உலகச் சுற்றுச்சூழல் தினம், ஜூலையில் வன மகோத்சவம் என்று காலண்டர் பார்த்து நடுகிறோம். நம்ம கிழக்கு மாவட்டங்களுக்கு நல்ல மழை ஐப்பசியில்தான் கொட்டுகிறது. வடகிழக்குப் பருவமழை தொடங்கும்போது நட்டால் இரண்டு மாசத்துக்கு வானமே தண்ணீர் ஊற்றும். ஜூனில் நட்டுவிட்டு ஐப்பசி வரை அந்தக் கன்று வாயைத் திறந்துகொண்டு நிற்க வேண்டுமா? விழாவை அப்போது வைத்துக்கொள்ளுங்கள். நடுவதை ஐப்பசிக்குத் தள்ளுங்கள். யார் கேட்கப் போகிறார்கள்?

அரசாங்கத்திடம் கேட்பது நாலே நாலு

ஒன்று: கன்றுக்கும் குழிக்கும் கூண்டுக்கும் ஒதுக்கும் பணத்தோடு, மூன்று வருஷத் தண்ணீருக்கும் காவலுக்கும் சேர்த்து ஒதுக்குங்கள். அந்த வசதி இல்லையென்றால் நூறு கன்றுக்குப் பதிலாக முப்பது மட்டும் நடுங்கள். எழுபது செத்துப்போன நூறைவிட, முழுசாகப் பிழைத்த முப்பது மேல்.

இரண்டு: அந்தப் பணத்தைத் தெருவில் இருப்பவருக்கே கொடுங்கள். பூக்கடை அம்மா, டீக்கடைக்காரர், மகளிர் சுய உதவிக் குழு, பள்ளிக்கூட ஆயா... யாராவது ஒருவர். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை, உயிரோடு இருக்கும் கன்றுக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டு நேராகக் கையில் கொடுங்கள்.

மூன்று: நட்டவர்கள் எண்ணக் கூடாது. வேறு வார்டு, வேறு பஞ்சாயத்து ஆட்கள் வந்து எண்ணட்டும். 'நட்டது இத்தனை, இருப்பது இத்தனை' என்று ரேஷன் கடையில் ஸ்டாக் போர்டு எழுதுகிற மாதிரி வாசலில் எழுதிப் போடுங்கள்.

நாலு: இருக்கிற மரத்தைக் காப்பாற்றுங்கள். 'ஒரு மரம் வெட்டினால் பத்துக் கன்று நடுவோம்' என்கிறார்கள். அறுபது வயசுப் புளியமரம் இன்று மத்தியானம் தரும் நிழலைப் பத்துக் கன்று எப்போது தரும்? அதுவும் பத்தும் பிழைத்தால்!

'இதற்கெல்லாம் பணம் எங்கே?' என்று கேட்பார்கள். பணம் இப்போதும்தான் செலவாகிறது. செத்துப்போகிற கன்றுக்கும் அதே குழி, அதே கூண்டு, அதே லாரி வாடகை. மறு வருஷம் அதே குழியில் மறுபடி ஒரு கன்று. ஒரே மரத்துக்கு மூன்று தடவை செலவழிக்க முடிகிற நமக்கு, ஒரு தடவை தண்ணீர் ஊற்றக் காசில்லை என்றால் யார் நம்புவது?

நம்ம பங்கு

எல்லாவற்றையும் அரசாங்கத்தின் தலையில் கட்டிவிட்டு நாம் வேடிக்கை பார்க்கலாமா? கூடாது. வீட்டு வாசலில் ஒரு கன்று இருந்தால் அது உங்கள் பொறுப்பு. மழையில்லாத மாசங்களில் வாரத்துக்கு இரண்டு மூன்று குடம் ஊற்றினால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். அரிசி, காய்கறி கழுவிய தண்ணீரே போதும்; சோப்புத் தண்ணீர் வேண்டாம். ஊருக்குப் போவதாக இருந்தால், அடியில் சின்ன ஓட்டை போட்டுத் திரி செருகிய பழைய மண்பானையைக் கன்றுக்குப் பக்கத்தில் புதைத்துத் தண்ணீரை நிரப்பிவிட்டுப் போங்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்துகொண்டிருக்கும். மேலே மூடி போடுங்கள். இல்லாவிட்டால் கொசு வளர்த்த பாவம் வந்து சேரும்.

இன்னொரு காரியமும் செய்யலாம். அடுத்த தடவை உங்கள் தெருவுக்கு யாராவது கன்று நட வந்தால், போட்டோவுக்குப் பக்கத்தில் நின்று சிரித்துவிட்டு வந்துவிடாதீர்கள். ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். "ஐயா, இதுக்கு நாளைக்கு யார் தண்ணி ஊத்துவாங்க?"

எங்கள் தெருவில் அந்த இரண்டு புங்கங்கன்றும் இப்போது ஆள் உயரத்தைத் தாண்டிவிட்டன. பூக்கடை அம்மா கடையை இரண்டடி நகர்த்தி, அந்த நிழலில்தான் உட்கார்ந்து பூக் கட்டுகிறார். தள்ளுவண்டிக்காரர் ஒருவரும் மத்தியானத்தில் அங்கேதான் இளைப்பாறுகிறார். எதிர் வரிசையில் பத்து இரும்புக் கூண்டுகள் வெயிலில் காய்ந்துகொண்டிருக்கின்றன. பெயர்ப் பலகைகள் மட்டும் இன்னும் பளபளப்பாகவே இருக்கின்றன!